சம்மத பிஸ்கட்

வாஷர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

வாஷர் என்பது பிளம்பரின் நாய். மூன்று வேளைச் சாப்பாடு, நடுநடுவே செருப்பு, துடைப்பம், ஒரு முறை அரையடி ரப்பர் குழாய் என்று வாழ்க்கையில் எதையும் வேண்டாம் என்று சொல்லிப் பழகாதவன். அப்படிப்பட்டவன் தட்டுக்கு முன்னால் போய் நின்று, முகர்ந்து பார்த்து, முன்னங்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டு, எச்சில் ஒழுகத் திரும்பி வந்தபோது பிளம்பர் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்தார்.

உள்ளே ஏதோ மாட்டியிருக்கிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் இதே தொழில். குழாய் என்றால் எங்கே மாட்டியிருக்கிறது என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். நாயைத் தட்டிப் பார்த்தால் அது வாலை ஆட்டுகிறது. வீட்டிலேயே ஒரு முறை வாயைத் திறந்து பார்க்க முயன்றார். அவர் தாடையைப் பிடித்தார், மனைவி டார்ச் பிடித்தாள். பயத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டதால் டார்ச் வெளிச்சம் கூரையை நன்றாகக் காட்டியது. கூரையில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை.

"குழாய்னா உடைஞ்சா வேற போட்டுக்கலாம். இவனுக்கு ஸ்பேர் கிடையாது. நீங்க கைய வைக்காதீங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றாள் மனைவி. "இவன் சாப்பிடாம திரும்பி வந்தா, நீங்களும் வெளியிலேயே சாப்பிட்டுட்டு வந்துடுங்க."

ஊரில் இருந்தது ஒரே ஓர் இடம். இசைவு விலங்கு நல மையம். கண்ணாடிக் கதவு, உள்ளே பூ வாசனை, சுவரில் ஐந்து கேடயங்கள். கேடயங்களுக்கு நடுவே பெரிய எழுத்தில், 'இங்கு எந்த உயிரும் தன் சம்மதமின்றித் தொடப்படாது' என்று எழுதியிருந்தது. படித்ததும் பிளம்பருக்குக் கண் கலங்கியது. மனிதர்களுக்குக் கூட இப்படி ஓர் இடம் இல்லையே என்று நினைத்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

நாய்களுக்கும் பூனைகளுக்கும் மெத்தை போட்ட சோபாக்கள் இருந்தன. கூட வந்தவர்களுக்கு முதுகில்லாத பிளாஸ்டிக் ஸ்டூல். 'ஊசி' என்ற சொல்லை விலங்குகளின் காதில் விழும்படி சொல்லக்கூடாது என்றும், தேவைப்பட்டால் 'சின்ன சந்திப்பு' என்று சொல்லலாம் என்றும் இன்னொரு பலகை இருந்தது.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் கணினியை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள். "பேரு?"

பிளம்பர் தன் பெயரைச் சொன்னார்.

"உங்க பேரு எதுக்கு சார்? அவரோட பேரு."

"வாஷர்."

"வாஷர் அவர்களுக்கு நீங்க என்ன வேணும்?"

"நான் அவனோட ஓனர்மா."

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்து சோபாவில் இருந்த பூனைக்குக் கேட்டுவிட்டதோ என்று பயந்தவள் போலக் குரலைத் தாழ்த்தினாள். "அந்த வார்த்தை இங்க கிடையாது. துணைவர்னு போட்டுக்கறேன்."

இது வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும் என்று பிளம்பருக்குக் கவலையாக இருந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டார். படிவம் பதினோரு பக்கம். 'செல்லம் எந்தப் பெயரால் அழைக்கப்பட விரும்புகிறது? (செல்லத்தைக் கேட்டு நிரப்பவும்)' என்ற இடத்தில் அவர் வாஷரைக் கேட்டார். வாஷர் எச்சில் வடித்தான். 'வாஷர்' என்றே எழுதினார்.

அதன் பிறகு சம்மத அலுவலர் வந்தார். மெல்லிய மனிதர். கழுத்தில் நிறுத்துக் கடிகாரம், கையில் பேனாவும் அட்டையும். காலில் சத்தம் வராத செருப்பு. அவரைப் பார்த்ததும் வாஷர், உடம்பில் தெம்பே இல்லாத நிலையிலும், வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடிப்போய் அவர் மேல் இரண்டு காலையும் வைத்து முகத்தை நக்கினான். அது அவன் வழக்கம். தண்ணீர் வரி ஆளையே நக்கியவன்.

"பாத்தீங்களா சார், அவனுக்கு ஆட்சேபணையே இல்ல" என்றார் பிளம்பர்.

அலுவலர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே எழுதினார். "மிகையான பணிவு. பயத்தின் அறிகுறி."

வாஷர் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டினான்.

"விரக்தி" என்று எழுதிக்கொண்டார்.

பிறகு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். வெள்ளைத் தட்டில் ஒரே ஒரு பிஸ்கட் இருந்தது. எலும்பு வடிவத்தில், மையத்தின் முத்திரையோடு.

"இதுதான் சம்மத பிஸ்கட். இந்த நிலையத்தோட இதயமே இதுதான்" என்றார் அலுவலர். அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. "ஏழு நிமிஷத்துக்குள்ள அவரே நடந்துபோய், அவரே சாப்பிட்டா, சிகிச்சைக்குச் சம்மதம்னு அர்த்தம். நீங்க எதுவும் பேசக்கூடாது. பெருமூச்சு விடக்கூடாது. போன மாசம் ஒருத்தர் பெருமூச்சு விட்டு ஒரு முயலோட முடிவ மாத்திட்டாரு."

வாஷர் நடந்து போனான். பிஸ்கட்டை முகர்ந்தான். ஆசையோடு நக்கினான். வாயில் வைத்துப் பார்த்து, வலியில் முனகி, கீழே போட்டான். வாயைக் காலால் பிறாண்டினான். திரும்பி வந்து பிளம்பரின் காலடியில் படுத்து அவரை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை.

கடிகாரம் டிக்கென்று நின்றது. "மறுத்துட்டாரு."

"சார், அவனால சாப்பிட முடியல. அதுக்குத்தானே வந்திருக்கோம்!"

"நல்ல விளக்கம். பத்தாம் பக்கத்துல எழுதுங்க."

"வாய்ல ஏதோ மாட்டியிருக்கு சார். கொஞ்சம் தொறந்து பாத்தா..."

அலுவலர் எழுந்து போய் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "வாயைத் தொறக்கறதா? அது இன்னொருத்தரோட வாய் சார். உங்க வாய யாராவது அப்படித் தொறந்தா ஒத்துக்குவீங்களா?"

"பல் டாக்டர்கிட்ட ஒத்துக்கிட்டேனே."

"நீங்க மனுஷன். உங்களுக்கு உரிமைன்னா என்னன்னு தெரியாது."

"அப்ப இவன எப்பதான் பாப்பீங்க?"

"கவலையே படாதீங்க" என்று அலுவலர் அன்போடு அவர் தோளைத் தட்டினார், சம்மதம் கேட்காமலே. "அவரு நல்லா சாப்பிட ஆரம்பிச்ச அடுத்த நிமிஷமே வைத்தியத்த ஆரம்பிச்சுடுவோம்."

பிளம்பர் வெளியே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். காதில் விழுந்தது சரிதானா என்று மனதுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தார். சரியாகத்தான் கேட்டிருந்தது.

அடுத்த ஸ்டூலில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் மடியில் ஆமையோடு இருந்தார். பதினோராவது நாளாக வருகிறாராம். "நேத்து பிஸ்கட்ட நோக்கி நாலு அங்குலம் வந்துச்சு. இன்னும் ரெண்டடி பாக்கி. அதுக்குள்ள ஏழு நிமிஷம் முடிஞ்சுருச்சு" என்றார். "வேகத்தக் கணக்குப் போட்டுக் குடுத்தேன். நாப்பத்தொம்பது நிமிஷம் வேணும்னு. கணக்கு சரிதான், ஆனா கணக்குக்குப் படிவம் இல்லைன்னுட்டாங்க."

எதிரே ஒரு பெண்மணி கொழுத்த பூனையோடு உட்கார்ந்திருந்தார். அவருடையது முதல் நாளே பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டு, அலுவலரின் மதியச் சாப்பாட்டுக்கும் சம்மதம் தெரிவித்துவிட்டதாம். மூன்று வாரமாகச் சிகிச்சை நடக்கிறது.

"பூனைக்கு என்னம்மா?" என்று கேட்டார் பிளம்பர்.

"அது தெரியலீங்க. நான் நகம் வெட்ட வந்தேன். ஆனா நல்லா குணமாயிட்டு வருதுன்னு சொல்றாங்க."

அன்று வாஷர் சாப்பிடாமலேயே வீடு திரும்பினான். பிளம்பரும் வெளியே சாப்பிடவில்லை. இருவரையும் பார்த்த மனைவி தன் தட்டையும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். திட்டியிருந்தால் கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை வாஷரால் படியேற முடியவில்லை. பிளம்பர் ஒரு தோளில் கருவிப் பையையும் மறு தோளில் நாயையும் போட்டுக்கொண்டு வந்தார். பை அவருக்குச் சட்டை மாதிரி, அதில்லாமல் வெளியே இறங்க மாட்டார். அன்று மையமே பரபரப்பாக இருந்தது. ஆறாவது கேடயம் தருவதற்காக மதியம் ஒரு விருதுக் குழு வருகிறதாம். ஒத்திகையாக இயக்குநர் காத்திருப்பு அறைக்கு நடுவே நின்று பேசினார். நல்ல குரல், நல்ல கோட்டு. ஸ்டூல்களில் இருந்தவர்களைப் பார்க்காமல் கேடயங்களைப் பார்த்துப் பேசினார்.

"மத்த ஆஸ்பத்திரிங்க என்ன பண்றாங்க? நோயோட ஒரு ஜீவன் வந்த உடனே பிடிச்சு வைத்தியம் பண்றாங்க. விளைவு என்ன? அதுல சிலது செத்துப்போகுது. கேவலமான புள்ளிவிவரம்! நம்மகிட்ட அந்த அவசரம் கிடையாது. போன வருஷம் இங்க சிகிச்சை பெற்றவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பேர் குணம். மீதி ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க, படிவம் நிரப்பல."

ஊழியர்கள் கைதட்டினார்கள். விலங்குகள் மிரளக்கூடாது என்பதால் உள்ளங்கைகள் ஒன்றோடொன்று படாமல் தட்டினார்கள்.

பிளம்பர் எழுந்தார். "சார், பிஸ்கட் சாப்பிடாதவங்க கணக்கு?"

"அவங்க நோயாளிகளே இல்லையே. விருந்தினர்கள்."

"அவங்க செத்துப்போனா?"

"விருந்தாளிங்க இங்க சாக மாட்டாங்க" என்றார் இயக்குநர் பெருமையாக. "வீட்டுக்குப் போய்த்தான் சாவாங்க."

பிளம்பர் உட்கார்ந்தார். வாஷர் அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டான். நாயின் விலா எலும்பைக் கையால் எண்ண முடிந்தது. இன்னும் இரண்டு நாள் தாங்குவானா என்று நினைத்தபோது அவருக்கு உலகமே வேண்டாம் என்றிருந்தது.

அப்போதுதான் தண்ணீர் வந்தது.

சிகிச்சை அறைக் கதவுக்கு அடியிலிருந்து, பழுப்பாக, நுரையோடு, நிதானமாக வந்து, இயக்குநரின் பளபளப்பான ஷூவைத் தொட்டது. அதுவும் சம்மதம் கேட்கவில்லை. வரவேற்புப் பெண் ஸ்டூல் மேல் ஏறினாள். அலுவலரின் சத்தமில்லாத செருப்பு முதல் முறையாகச் சளக் சளக்கென்று சத்தம் போட்டது.

"குழு வர்ற நேரத்துலயா!" என்று அலறினார் இயக்குநர். "பிளம்பர்! உடனே ஒரு பிளம்பரக் கூப்பிடுங்க!"

"நான்தாங்க பிளம்பர்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு நாளாக அதே ஸ்டூலில் இருந்தவரை அன்றுதான் முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"இத ஏன்யா முன்னாடியே சொல்லல?" என்று கோபித்துக்கொண்டார் இயக்குநர். "உள்ள போங்க, உள்ள போங்க! பிளம்பரயெல்லாம் காக்க வைக்கலாமா?"

பிளம்பர் பையை எடுத்தார். நாயையும் தூக்கினார். அலுவலர் குறுக்கே வந்தார். "அவரு?"

பிளம்பருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆனால் வாய் தானாகச் சொன்னது. "என் உதவியாளு."

அலுவலர் வரவேற்புப் பெண்ணைப் பார்த்தார். அவள் ஸ்டூல் மேலிருந்தபடியே கணினியை எட்டித் தட்டிப் பார்த்தாள். "பிளம்பர் உதவியாளுக்குப் படிவம் எதுவும் இல்ல சார்."

படிவம் இல்லாத ஒருவரை எப்படித் தடுப்பது என்று அலுவலருக்குத் தெரியவில்லை. வழிவிட்டார்.

சிகிச்சை அறையில் டாக்டரம்மா காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. சோதனை மேசை மேல் போர்த்தி வந்த பிளாஸ்டிக் உறையே இன்னும் கிழிக்கப்படவில்லை. கண்ணாடி அலமாரியில் இடுக்கிகளும் கத்தரிகளும் பொட்டலம் பிரிக்காமல் வரிசையாக இருந்தன. கல்யாணப் பரிசுகளை அடுக்கி வைத்த வீடு மாதிரி இருந்தது அந்த அறை.

பிளம்பர் வாஷரைக் காய்ந்த மூலையில் படுக்க வைத்துவிட்டு, கழுவுதொட்டிக்கு அடியில் படுத்தார். "டாக்டரம்மா, இந்த டார்ச்ச கொஞ்சம் பிடிக்கறீங்களா?"

அவர் இறங்கி வந்து பிடித்தார். கண்ணை மூடவில்லை. சரியான இடத்தில் வெளிச்சம் விழுந்தது.

வளைவுக் குழாயைக் கழற்றியதும் கொழகொழவென்று பழுப்பு மாவு வாளியில் விழுந்தது. ஒரு வாளி நிறைந்தது. இரண்டாவது வாளியும் நிறைந்தது. நடுவே கரையாத துண்டுகள், எலும்பு வடிவத்தில், முத்திரையோடு.

"பிஸ்கட்டா இது?"

"ஆமா. ஒருத்தருக்கு வெச்சத இன்னொருத்தருக்கு வெக்கக்கூடாது, விதி. சாப்பிடாததெல்லாம் இங்க வரும். நான்தான் கரைச்சு ஊத்துவேன்."

"அப்ப ஒவ்வொரு பிஸ்கட்டும்..."

"ஒரு நாய்" என்றார் டாக்டரம்மா. "இல்லன்னா ஒரு பூனை."

பிளம்பர் வாளிகளைப் பார்த்தார். எத்தனையோ வீட்டுக் குழாய்களிலிருந்து என்னென்னவோ எடுத்திருக்கிறார், மோதிரம், பல் செட், ஒரு முறை காதல் கடிதம். எதற்கும் அவர் மனம் இப்படிக் கனத்ததில்லை. டாக்டரம்மாவும் வாளிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் ஒவ்வொன்றாகக் கரைத்தவர், மொத்தமாக அன்றுதான் பார்க்கிறார்.

"அஞ்சு வருஷம் படிச்சேன்" என்றார் மெதுவாக. "இங்க சேந்து மூணு வருஷம். நல்லா இருக்கற பூனைங்களுக்குத்தான் வைத்தியம் பாக்கறேன். சோப்பு போட்டுக் கை கழுவறது மட்டும் மறக்கல."

டார்ச் வெளிச்சம் எதற்கு என்று பார்க்க வாஷர் தள்ளாடி எழுந்து வந்தான். டாக்டரம்மாவின் முழங்காலில் மோவாயை வைத்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். வெளிச்சம் வாய்க்குள் விழுந்தது.

டாக்டரம்மா குனிந்தார். "எலும்பு. மேல்வாய்ல குறுக்கால நிக்குது, ரெண்டு பக்கக் கடவாப்பல்லுக்கும் நடுவுல." அவருடைய குரல் மாறிவிட்டிருந்தது. கதவைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். பிறகு, "தாடைய நல்லா பிடிச்சுக்கறீங்களா?" என்றார்.

பொட்டலம் கிழியும் சத்தம் அந்த அறைக்கே புதிதாக இருந்திருக்கும். இடுக்கி உள்ளே போனது, ஒரு சின்னத் திருகல், டக்கென்று வெளியே வந்தது. விரல் நீள எலும்பு. மொத்தம் பன்னிரண்டு வினாடி. காயத்தைப் பார்த்தார், துடைத்தார், 'ஊசி' என்று உரக்கச் சொல்லியே அதைப் போட்டார். வாஷர் ஊசியைக் கவனிக்கவே இல்லை. தலையை உதறினான், வாயைச் சப்புக் கொட்டினான், நேராக வாளிக்குப் போனான்.

"ஐயோ, அது சாக்கடை!" என்று டாக்டரம்மா வாளியைத் தள்ளிவிட்டு, டின்னிலிருந்து ஒரு புது பிஸ்கட்டை நீட்டினார். வாஷர் அவர் கையிலிருந்தே வாங்கிக் கடித்தான். கறக் முறக். பிளம்பர் ஈரத் தரையில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதார்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. இயக்குநர், அலுவலர், பின்னால் கேமராவோடு விருதுக் குழு.

"சாப்பிடறாரு!" என்று கத்தினார் அலுவலர், விதியை மறந்து. "வாஷர் அவர்கள் சாப்பிடறாரு! சம்மதம்!"

இப்போது எல்லோரும் நிஜமாகவே கைதட்டினார்கள். வாஷர் மிரண்டு மேசைக்கடியில் ஓடி ஒளிந்தான்.

"காத்திருந்தோம், கனிஞ்சது" என்றார் இயக்குநர் குழுவைப் பார்த்து. "டாக்டர், உடனே வைத்தியத்த ஆரம்பிங்க."

"சார், இப்ப அவனுக்கு ஒண்ணுமே இல்ல" என்றார் பிளம்பர்.

"அதனாலதான்யா! ஒண்ணுமில்லாதவங்கதான் நம்மகிட்ட சீக்கிரம் குணமாவாங்க."

டாக்டரம்மா எலும்பைக் கோட்டுப் பைக்குள் நழுவவிட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "பாத்துட்டேன் சார். குணமாயிட்டாரு."

"அதுக்குள்ளயா?" இயக்குநர் பூரித்துப்போனார். குழுத் தலைவர் 'வேகம்' என்று எழுதிக்கொண்டார். ஆறாவது கேடயம் நிச்சயம் என்ற நினைப்போடு எல்லோரும் வெளியேறினார்கள்.

பிளம்பர் குழாயை மாட்டி, தண்ணீர் விட்டுப் பார்த்தார். சொட்டுக்கூடத் தேங்காமல் இறங்கியது. பையைக் கட்டியபோது டாக்டரம்மா கேட்டார். "வெளியில சாப்பிடாம இருக்கறவங்க எத்தனை பேரு?"

"எட்டு பேரும்மா."

டாக்டரம்மா பிஸ்கட் டின்னைத் திறந்தார். அதைத் தொட்டியில் கவிழ்த்தார். இன்னொரு டின்னையும் கவிழ்த்தார். முஷ்டியால் நன்றாக இடித்து உள்ளே தள்ளி, குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். தண்ணீர் விளிம்பு வரை ஏறி நின்றது. பிறகு கதவைத் திறந்து, அதுவரை பிளம்பர் கேட்டிராத அதிகாரக் குரலில் சொன்னார்.

"சார், மறுபடியும் அடைச்சுக்கிச்சு. பெரிய வேலையாம். நாளைக்கு உதவியாளுங்களோட வரணும்னு சொல்றாரு."

"எத்தனை பேர் வேணும்னாலும் வரட்டும்!" என்று தூரத்திலிருந்து இயக்குநரின் குரல் வந்தது.

மறுநாள் காலை கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பிளம்பர் வந்தார். பின்னால் வரிசையாக எட்டு உதவியாளர்கள். ஆளுக்கொரு பெரிய பை. கணக்கு வாத்தியார் ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். வரவேற்புப் பெண் ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டே வந்தாள். நாலாவதாக நின்ற பெண்மணியின் பைக்குள்ளிருந்து ஈனமாக ஒரு முனகல் வந்தது.

வரவேற்புப் பெண் நிமிர்ந்தாள். "பைல என்னம்மா?"

அந்தப் பெண்மணிக்குப் பிளம்பர் சொல்லிக் கொடுத்ததெல்லாம் மறந்துவிட்டது. பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"கருவிதாம்மா" என்றார். "சாப்பிட்டு நாலு நாளாச்சு."

வரவேற்புப் பெண் பையைப் பார்த்தாள். இயக்குநரின் அறைக் கதவைப் பார்த்தாள். பிறகு கணினியில் 'உதவியாளர் எட்டு' என்று தட்டிவிட்டு, தானே எழுந்து போய் சிகிச்சை அறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.